நான்காவது போல்ட்டு

அம்மாவின் தலையை வாரிக்கொண்டிருந்தபோதுதான் பெரியவளுக்கு அந்த நான்காவது போல்ட்டு நினைவுக்கு வந்தது. சீப்பு பாதி முடியில் நின்றுவிட்டது.

ஒன்று, வலது மேல். இரண்டு, இடது மேல். மூன்று, வலது கீழ். மூன்று தடவையும் ரெஞ்சு 'டிக்' என்றது இன்னும் காதில் இருக்கிறது. இடது கீழ்? அங்கே ரெஞ்சை மாட்டியது வரைக்கும் தெரிகிறது. அதற்கு மேல் போன் அடித்ததும், செருப்புகூட மாற்றாமல் ஓடியதும்தான் நினைவிருக்கிறது.

"என்னடி, சிக்கு விழுந்திருக்கா?" என்றாள் எதிரில் உட்கார்ந்திருந்த சித்தி.

"இல்ல சித்தி."

வாசலில் தம்பி, வீட்டுக்குச் சின்னவன், அம்மாவின் பூந்தொட்டிகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தொட்டியும் பலகையில் தம்மென்று உட்காரும் சத்தம் கூடம் வரை கேட்டது. ஒவ்வொன்றையும் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அந்தக் காரால் வந்தது. நாற்பது வயதுக்கு மேல் சின்னவனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, தரையோடு தரையாக ஊர்கிற கார். அப்பா அதில் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு, "கிணத்துக்குள்ள எறங்குற மாதிரி இருக்குடா" என்றார். அம்மா காரை மூன்று சுற்று சுற்றி வந்தாள். முதுகில் கை கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவள் மாதிரி மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லாம் சரி. இதுல ஒரு பூந்தொட்டி வைக்க எடமிருக்கா?"

அந்தக் கேள்வி அவனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. பிறகு டாக்டர், அம்மா இனி மாடிப்படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். மொட்டை மாடியில் முப்பத்துநாலு தொட்டிகள் இருந்தன. சின்னவன் வீட்டில் தரையோடு முற்றம் உண்டு, அங்கே வந்துவிடுங்கள் என்றான். வருகிறோம், ஆனால் தொட்டிகள் முன்னால் போகவேண்டும் என்றாள் அம்மா. ஒரு லாரி பிடித்தால் அரை நாளில் முடிகிற வேலை. ரோஷக்காரன் விடுவானா? இதே கார்தான் இழுக்கும் என்று அக்காவின் பட்டறைக்கு வந்து நின்றான்.

"இழுவைக் கொக்கி ஒண்ணு மாட்டணும்க்கா. ஆனா மாட்டியிருக்குறது வெளிய தெரியக்கூடாது."

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படிடா?"

சிரித்தாலும் செய்துகொடுத்தாள். பட்டறையில் ரெஞ்சு பிடிக்கிற வேலை அவளுடையது. தகரம் தட்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் அவள் கணவனுடையது. பின்பக்க பம்பரைக் கழற்றினார்கள். அதன் உள்ளே சேசிஸ் சட்டத்தின் குறுக்கே ஓர் இரும்புத் தண்டை வைத்து நான்கு போல்ட்டுகளால் பூட்டவேண்டும். நம்பர் பிளேட்டுக்குக் கீழே பம்பரில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வெட்டு. உருண்டைத் தலை வைத்த கொக்கியை அதன் வழியாகத் தண்டில் செருகிக்கொள்ளலாம், வேண்டாதபோது உருவி டிக்கியில் போட்டுக்கொள்ளலாம். பம்பரை மூடிவிட்டால் உள்ளே தண்டு இருப்பது யாருக்கும் தெரியாது. உள்ளே தளர்ந்திருந்தால் அதுவும் தெரியாது.

அவளுடைய வேலைக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. உரிய இறுக்கம் வந்ததும் ரெஞ்சு டிக்கென்று சொல்லும். அதைக் கேட்ட பிறகுதான் போல்ட்டுத் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பாள். கோடு இருந்தால் முறுக்கியாயிற்று என்று அர்த்தம். இரண்டாவது சட்டம், போல்ட்டு பாதியில் நிற்கும்போது யார் கூப்பிட்டாலும் போனை எடுக்கமாட்டாள். இந்த இரண்டாவது சட்டம் அம்மாவுக்குப் பெரிய கேலி.

"உனக்குப் போல்ட்டுதான்டி பெத்த தாய். நானெல்லாம் சும்மா" என்பாள்.

நேற்றுக் காலை மூன்றாவது போல்ட்டில் ரெஞ்சு இருந்தபோது போன் அடித்தது. அம்மா. முடித்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டாள். மறுபடியும் அடித்தது. மறுபடியும் விட்டாள். டிக் என்றது, கோடு இழுத்தாள், நான்காவதில் ரெஞ்சை மாட்டினாள். அப்போது அப்பாவின் பெயர் வந்தது. அப்பா யாருக்கும் போன் செய்கிற ஆளில்லை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சட்டத்தை மீறி எடுத்தாள்.

"அம்மா நாற்காலியில உக்காந்தபடியே இருக்காம்மா. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா" என்றார் அப்பா.

அம்மா இரண்டு தடவை கூப்பிட்டதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மூச்சு முட்டிக் கூப்பிட்டாளா, இல்லை எப்போதும்போல 'சாப்டியா' என்று கேட்கக் கூப்பிட்டாளா? அப்பா அந்த நேரம் மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்டுத் தெரிந்துகொள்ள உலகத்தில் ஆளில்லை. ராத்திரி முழுக்க அந்த இரண்டு அழைப்புகளையே உருட்டிக்கொண்டிருந்ததில் போல்ட்டு அவள் புத்தியில் ஏறவே இல்லை.

இப்போது ஏறிவிட்டது, இறங்கமாட்டேன் என்கிறது.

அம்மா எப்போதோ சொல்லியிருந்தாள், நான் போனால் கடையிலே மாலை வாங்கிக் குவிக்காதீர்கள், என் தொட்டிகளையே கொண்டுவந்து வையுங்கள் என்று. அதனால்தான் இந்த ஏற்பாடு. முன்னால் சின்னவனின் காரும் டிரெய்லரும் போகும். காரில் அவன் பக்கத்தில் அப்பா. அதற்குப் பின்னால் அம்மாவின் வண்டி, அதற்கும் பின்னால் மற்றவர்கள். மயானத்துக்குப் போகிற வழியில் ரயில் பாதைக்கு மேலே ஒரு செங்குத்தான பாலம் இருக்கிறது. ஒரு போல்ட்டு தளர்ந்தால் மற்ற மூன்றும் தாங்கும்தான். ஆனால் ஆடுகிற போல்ட்டு பக்கத்துப் போல்ட்டையும் ஆட்டிவைக்கும், அதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். பாலத்து ஏற்றத்தில் அந்தப் பாரம் பிய்த்துக்கொண்டு பின்னால் உருண்டால் முதலில் எதிரே இருப்பது அம்மா.

மணி பத்தே கால். வண்டி பதினொன்றுக்கு.

பின்னலை எப்படியோ முடித்துக் கட்டிவிட்டு எழுந்தாள். கணவன் வாசலில் நாற்காலி விரித்துக்கொண்டிருந்தான். ஓரமாக இழுத்துப்போய்க் கேட்டாள்.

"நேத்து பம்பரை நீங்கதானே மூடினீங்க? நாலாவதுல குறி இருந்துச்சா?"

"நாலுலயும் மஞ்சள் இருக்கு. பார்த்துட்டுத்தான் மூடினேன்."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"அட, என் கண்ணால பார்த்தேங்குறேன். நீ உள்ள போ. எல்லாரும் உன்னத்தான் தேடுவாங்க."

நெஞ்சு கொஞ்சம் லேசானது. அப்படியானால் முறுக்கித்தான் இருக்கிறாள், பதற்றத்தில் மறந்திருக்கிறாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். அப்பா அம்மாவின் கால்மாட்டில் இருந்தார். அவருடைய போன் நேற்றிலிருந்து வந்த விசாரிப்புகளில் சார்ஜ் தீர்ந்து சமையலறை மேடையில் கிடந்தது. யாரோ காபி கொடுத்தார்கள். குடித்தாளா, வைத்தாளா, தெரியாது. மறுபடியும் அந்த ரெஞ்சு. குறி போட்டிருந்தால் ரெஞ்சைக் கழற்றியிருப்பாளே. கழற்றின ஞாபகம் எங்கே?

இருப்புக் கொள்ளவில்லை. அம்மாவுக்குத் தலைவாரும்போது வைத்திருந்த கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். துக்கம் கேட்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தெருவில் மண்டியிட்டு, கன்னம் தரையில் படக் குனிந்தாள். போனில் டார்ச்சைப் போட்டு, கண்ணாடியைக் காருக்கு அடியில், அடித் தகட்டின் இடுக்கில் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மஞ்சள் தெரிந்தது. நான்கிலும் தெரிந்தது. அப்பாடா என்று வந்த மூச்சு பாதியில் நின்றது.

மூன்று கோடுகளும் அவள் கை. கோணல்மாணலாக, ஒன்று தடித்து, ஒன்று வழிந்து. நான்காவது மட்டும் அழகாக இருந்தது. ஓரம் பிசிறாமல், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே அகலத்தில் இருந்தது. அப்படி ஒரு கோடு அவளுக்கு ஜென்மத்தில் வராது. பட்டறையில் அப்படிக் கோடு இழுக்கிற கை ஒன்றுதான் உண்டு.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். அவன் ஓடிவந்தான். "நாலாவது குறி நீங்க போட்டதா?"

அவன் குனிந்து கண்ணாடியைப் பார்த்தான்.

"நீ போட மறந்துட்டேன்னு நெனச்சேன். நீ போனதும் நானும் கிளம்பணும்னு அவசரம். ரெஞ்சு அதுமேலயே மாட்டியிருந்துச்சு. குறி மட்டும் இல்ல. பதினெட்டு வருஷத்துல நீ ஒரு போல்ட்டை விட்டதில்லையே. அதான் நானே..."

கத்தவேண்டும் போலிருந்தது. எதைச் சொல்லிக் கத்துவது? இவள்மேல் சந்தேகப்பட ஒருத்தன் இருந்திருந்தால் அவன் ரெஞ்சைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்திருப்பான். இந்த மனிதன் நம்பினான்.

"பட்டறைக்குப் போய் அந்த ரெஞ்சு, நீளக் கம்பி, பெயிண்ட் எல்லாம் எடுத்துட்டு வாங்க. ஓடுங்க."

அவன் பைக் தெருமுனை திரும்புவதற்குள் சின்னவன் வந்துவிட்டான். கையெல்லாம் மண். அழுத கண்ணும் மண்ணுமாக அவனைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"என்னக்கா, கீழ என்ன பாக்குற?"

சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். "ஒரு போல்ட்டு முறுக்கல. நான்தான் விட்டேன்." சத்தம் போடுவான் என்றுதான் நினைத்தாள். அவன் டிரெய்லரைப் பார்த்தான். பிறகு கூடத்துப் பக்கம் பார்த்தான். அங்கே அப்பாவின் முதுகு தெரிந்தது.

"அப்பா என் பக்கத்துலல்ல உக்காரப்போறாரு" என்றான். கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "சரி. என்ன செய்யணும், சொல்லு" என்றான்.

டிரெய்லரின் முன்கால் சக்கரத்தை இறக்கி, கொக்கியிலிருந்து கழற்றினார்கள். சின்னவன் மாடியில் தொட்டி அடுக்கியிருந்த தடித்த பலகைகளைக் கொண்டுவந்து இரண்டிரண்டாக அடுக்கி, காரின் பின்சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றி, முன்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தான். ஆள் நுழைந்து படுக்க இடம் கிடைத்தது. கணவன் வியர்த்து வழிய வந்து சேர்ந்தபோது மணி பத்து ஐம்பது. தெருமுனையில் அம்மாவின் வண்டியும் திரும்பிக்கொண்டிருந்தது.

சித்தி வாசலுக்கே வந்துவிட்டாள். "பெத்தவ உள்ள கெடக்கா. நீ காருக்கு அடியில படுக்கப்போறியா? பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?"

"நெனைக்கட்டும் சித்தி. இது கழண்டா அம்மா மேலதான் வந்து விழும்."

சித்தி டிரெய்லரைப் பார்த்தாள். பிறகு தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினாள். "தலைக்கு வச்சுக்க. தரை சுடும்" என்றாள்.

அவள் மல்லாந்து உள்ளே நகர்ந்தாள். சின்னவனும் பக்கத்தில் வந்து படுத்து, அவளுடைய போனை வாங்கி டார்ச்சைப் பிடித்தான். சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் இப்படிப் படுத்திருக்கிறார்கள், அம்மா தேடுகிறாள் என்று வாயைப் பொத்திக்கொண்டு. அடித் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி விலக்கினாள். அழகான மஞ்சள் கோடு தெரிந்தது. ரெஞ்சில் நீளக் கம்பியைப் பொருத்தி, போல்ட்டில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள்.

திரும்பியது. தடையே இல்லாமல், ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி திரும்பியது. அரைச் சுற்று போயும் டிக் என்கிற பாடில்லை. பெயிண்ட் கோடு நடுவில் உடைந்து ஒரு பாதி அங்கேயும் ஒரு பாதி இங்கேயும் நின்றது.

"ஐயோ" என்றான் சின்னவன், மெதுவாக.

ரெஞ்சைப் பின்னுக்குக் கொண்டுவந்து மறுபடி பிடித்தாள். இனி இருப்பது ஓர் இழுப்பு, அதிகம் போனால் இரண்டு.

போன் அடித்தது.

சின்னவன் கையில் டார்ச் வெளிச்சத்தோடு அதிர்ந்தது. அவன் அதைத் திருப்பிப் பார்த்தான். அவள் பக்கம் திருப்பினான். 'அம்மா' என்றிருந்தது.

ரெஞ்சிலிருந்து கை தானாக விட்டுப்போனது. போனைப் பிடுங்குகிற மாதிரி வாங்கிக் காதில் வைத்தாள்.

"சொல்லும்மா" என்றாள்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. கூடத்து மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்துத்தான் அப்பா தொண்டையைச் செருமினார்.

"நான்தாம்மா. என் போன்ல உசுரு இல்ல. இதுதான் கைக்குக் கிடைச்சுது."

"சொல்லுங்கப்பா."

"வண்டி வந்துடுச்சு. கிளம்பலாமான்னு கேக்குறாங்க."

"இன்னும் ஒரு இழுப்பு இருக்குப்பா."

"பதறாத. முடிச்சுட்டு வா. நாங்க இங்கதான் இருக்கோம்."

அவள் போனை அணைக்கவில்லை. அப்படியே நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள். சின்னவன் தன்னுடைய போனை எடுத்து வெளிச்சம் காட்டினான். ரெஞ்சை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள்.

டிக் என்றது. அந்தப் பக்கம் அப்பாவுக்கும் கேட்டிருக்கும்.