முகம் மூடிய வில்லாளிகள்

சம்பந்திகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் சண்டை போடுகிறார்கள் என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். இவர்கள் அதை மேஜைமேல் வைத்து, நாடாவால் அளந்து, பகடை உருட்டிப் போட்டார்கள், அதுதான் விசேஷம்.

இருவரில் ஒருவர், பல்செட்காரர் என்று தெருவே கூப்பிடுகிறவர், பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவர். மனைவி காலமாகி ஆறு வருடம். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டின் மாடியறைதான் போர்க்களம். எதிரி, மகளின் மாமியார். நில அளவைத் துறையில் முப்பது வருடம் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்ற அம்மாள். அளவு சொன்னபடி, சொந்த அண்ணன் நிலத்திலேயே அரை அடி உள்ளே தள்ளிக் கல் நட்டவர் என்று பேர்.

கல்யாணத்தின்போது இருவருக்கும் பேச ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் ஒருநாள் அந்த வீட்டு அலமாரியில் விரல் உயரத்தில் ஒரு குதிரைவீரன் பொம்மையைப் பார்த்து, "இந்த வாலுக்கு யாரு வர்ணம் அடிச்சது?" என்று கேட்டார் இவர்.

"நான்தான். ஏன், கோணலா இருக்கா?"

"கோணல்தான்."

ஆரம்பித்தது அப்படித்தான். ஐந்து வருடத்தில் ஆளுக்கு இருநூறு சிப்பாய். ஒவ்வொன்றுக்கும் சட்டை, வார், மீசை எல்லாம் அவரவர் கையால் தீட்டியது. மேஜைமேல் அட்டையில் செய்த தோப்பும் பாலமும் உண்டு. முறை வரும்போது காலாள் ஆறு அங்குலம் நகரலாம். சண்டை முடிவைப் பகடை சொல்லும். அம்மாள் போட்ட சட்டம் இரண்டு: வர்ணம் பூசாதவன் மேஜை ஏறக் கூடாது, வில்லாளி தன் கண்ணுக்குத் தெரிகிறவனைத்தான் எய்யலாம். தெரிகிறதா என்று பார்க்க, அம்மாள் மேஜையில் தாடையை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, அந்தப் பொடி வில்லாளியின் தலைக்குப் பின்னாலிருந்து குறி பார்ப்பார். இந்தக் கோலத்தைப் பார்க்க மாட்டாமலே அவர் கணவர் கீழே டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

போன மழைக்காலத்தில் பல்செட்காரரின் வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் சவரம் செய்யும்போது. பிறகு சாவி போடும்போது. வேலையில், பல்லைத் தேய்க்கும் மெஷினில் முழங்கையை ஊன்றிக்கொண்டு எப்படியோ ஒப்பேற்றினார். சிப்பாய்களின் கண்தான் காலை வாரியது. கடுகில் பாதி இருக்காது அந்தக் கண். வெள்ளையில் ஒரு கோடு, கறுப்பில் ஒரு புள்ளி. முன்பெல்லாம் மூச்சை அடக்கி ஒரே மூச்சில் நாலு பேருக்கு வைத்துவிடுவார். இப்போது கண் வைத்தால் கன்னத்தில் மச்சம் வந்தது.

மனுஷன் என்ன செய்தார்? முகம் மூடிய தலைக்கவசம் போட்ட சிப்பாய்களாகப் பார்த்து வாங்கத் தொடங்கினார். மூன்று பிரிவு அப்படியே வந்து நின்றது.

"என்ன சம்பந்தி, உங்க படைக்கு மூஞ்சி காட்ட வெக்கமா?" என்று அம்மாள் சிரித்தார். இவரும் சேர்ந்து சிரித்து வைத்தார். ஒரு சௌகரியம், பகடை குலுக்குகிற கை நடுங்கினால் யாருக்கும் தெரிவதில்லை.

சொல்லியிருக்கலாம். ஆனால் பெண்ணைக் கொடுத்த இடம். அங்கே போய்க் கையை நீட்டிக் காட்டிக்கொண்டு நிற்பதா? மகள் அழுவாள். மருமகன் டாக்டர் டாக்டராக இழுத்துக்கொண்டு போவான். பேசாமல் படுங்கள், மாடி ஏற வேண்டாம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

வில்லாளிகளைக் கொண்டுவருகிறேன் என்று இரண்டு மாதமாகச் சாக்குச் சொல்லிவிட்டு, இந்த ஞாயிறு பன்னிரண்டு பேரை இறக்கினார். அம்மாள் ஒருவனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"மூஞ்சி மூடின வில்லாளியா? எதப் பாத்து எய்வான்?"

"ஓட்டை இருக்கு பாருங்க."

அம்மாள் நகத்தால் லேசாகச் சுரண்டினார். வெள்ளிப் பூச்சு உதிர்ந்து உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தது. "சம்பந்தி, இது ஈறுதானே?"

ஈறேதான். முகம் மூடிய வில்லாளி எங்கும் கிடைக்காமல், பல்செட்டுக்கு ஊற்றுகிற பிசினில் பன்னிரண்டு மூடி வார்த்து, திறந்த முகங்களின்மேல் ஒட்டியிருந்தார். மூட்டையோடு அகப்பட்ட திருடன்போல் விழித்தவர், ஆட்டத்தைத் தொடங்கினால் தப்பிக்கலாம் என்று அவசரமாக நாடாவை நீட்டி முன்வரிசையை நகர்த்தினார். கை துள்ளியது. அம்மாளின் ஏழு சிப்பாய்கள் சரிந்தார்கள். கொடிக்காரனின் கொடிக்கம்பு முறிந்தது.

பல்செட்காரர் கையை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டார்.

அம்மாள் விழுந்தவர்களை ஒவ்வொருவராக நிமிர்த்தினார். "மூணு மாசமா உங்க நாடா ஆறு அங்குலத்துல நிக்கறதில்ல, சம்பந்தி. ஆறேகால்ல நிக்குது. சமயத்துல ஆறரை."

"தெரியுமா?"

"அளக்கறதுதானே என் பொழப்பு. பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

கை நடுங்கியபோதுகூட அவருக்கு இப்படி வலிக்கவில்லை. அண்ணனுக்கு விட்டுக் கொடுக்காத மனுஷி தனக்கு விட்டுக் கொடுத்திருக்கிறாள். முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப நான் ஜெயிச்சதெல்லாம்?"

"நாலு ஜெயிச்சீங்க. மூணு உங்களோடது. போன மாசம் பாலத்தைப் பிடிச்சீங்களே, அது இல்ல."

இந்த அம்மாள் ஆறுதலுக்காக எண்ணிக்கையைக் கூட்டுகிற ஆளில்லை. அப்படியானால் மூன்று நிஜம். அதில் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. "எதுக்கு விட்டீங்க? கேட்டிருக்கலாமே?"

"கேட்டா அடுத்த வாரம் வராம இருந்துடுவீங்களோன்னு பயம்." அம்மாள் முறிந்த கம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்கூட இப்படி மல்லுக்கட்ட வேற யாரு இருக்கா?"

தனக்கு மட்டும்தான் இந்தப் பயம் என்று இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் பல்செட்காரர், பாவம். நாடாவை எடுத்து அம்மாள் பக்கம் தள்ளினார்.

"இனிமே விடாதீங்க. எங்க போகணும்னு நான் சொல்றேன். நகத்தறது நீங்க."

"எதிரி கையில படையக் குடுக்கறீங்களே."

"வேற யார்கிட்ட குடுக்க? ஆறு அங்குலம். மயிரிழை கூட வேணாம்."

அம்மாள் நாடாவை விரித்தார். பல்செட்காரர் சொன்ன இடத்துக்கு அவருடைய காலாட்களைக் கொண்டுபோய், குனிந்து, மறுபடி அளந்து, ஒருவனைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்தார். அந்தக் கொஞ்சத்தில் அவன் தோப்புக்கு வெளியே, அம்மாளின் குதிரைப்படைக்கு நேரே மாட்டிக்கொண்டான். பல்செட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். அநியாயத்துக்கு நியாயமான பொம்பளை.

படியில் காலடிச் சத்தம். மகள் டீயோடு வந்தாள்.

"என்ன அத்தே, ரெண்டு படையையும் நீங்களே நகத்தறீங்க? அப்பா ஏன் சும்மா உக்காந்திருக்கார்?"

அம்மாள் நாடாவைச் சுருட்டத் தொடங்கினார். சொல்லிவிடுவாரோ என்று பல்செட்காரர் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். இல்லை, சொல்ல மாட்டார். யார் முறை என்பதில் அவருக்கு என்றைக்கும் குழப்பம் வந்ததில்லை.

பல்செட்காரர் வலது கையை மேஜைக்கடியிலிருந்து எடுத்து, மகள் பார்க்க, டீக்கு நீட்டினார். கப் தட்டில் தடதடத்து, டீ தளும்பி மேஜையில் வழிந்தது.

"மழைக்காலத்துலேருந்து இப்படித்தாம்மா இருக்கு" என்றார்.