இரண்டாவது நோட்டு

1

இதையும் இவள் எழுதத்தான் போகிறாள். எழுதட்டும், தப்பில்லாமல் எழுதினால் போதும்.

அக்கா அப்படி நினைத்ததாக நானே எழுதிக்கொண்டேன். அவள் பெட்டி கட்டத் தொடங்கிய அன்று பிறந்த கதை இது. பதினோரு வருடம் நாங்கள் இருவர் மட்டும் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் கல்லூரி ஆய்வக உதவியாளர். வெங்காய வேர்நுனியை வெட்டி, சாயமேற்றி, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தி, செல் பிரிவதை மாணவர்களுக்குக் காட்டுவாள். விரல்நுனி எப்போதும் சிவப்பு.

2

முதல் தொடக்கம்: ‘ஒரு செல் திடீரென்று இரண்டாக உடைந்தது. அதுபோலவே அக்காவும்…’

(இதை அக்கா படித்துவிட்டாள்.)

“திடீர்னு யாரு சொன்னா உனக்கு?”

“நீதானே மைக்ராஸ்கோப்ல காட்டின? நூல் நூலா தெரிஞ்சுது, நடுவுல வரிசையா நின்னுச்சு, ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போச்சு, குறுக்க சுவர் வந்துருச்சு.”

“அதெல்லாம் கடைசியில கொஞ்ச நேரம்டி. அதுக்கு முன்னாடி ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும் பாரு, அப்பவே குரோமோசோம் எல்லாம் ரெண்டாயிருக்கும். அந்தச் செல்லைத்தான் பசங்க பார்க்காம தள்ளிட்டுப் போவாங்க. நீயும்தான்.”

3

[அக்கா ஏன் போகிறாள் என்று இங்கே சொல்ல வேண்டும். மூன்று காரணம் எழுதி மூன்றையும் அடித்தேன். சண்டை இல்லை. யாரும் குறுக்கே வரவும் இல்லை. ஐம்பது வயதில் தனியாக இருந்து பார்க்க வேண்டும் என்றாள். கதைக்கு இது போதாது.]

கத்தரிக்கோல் தேடி இழுப்பறையைத் திறந்தேன். இரண்டு இருந்தன. வடிகட்டி இரண்டு, தோல்சீவி இரண்டு. அடியில் அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு. அதற்கும் அடியில் அதே நோட்டு, அக்காவின் கையெழுத்தில். அம்மா அடித்த வரிகளைக்கூட எழுதி, அதே இடத்தில் அடித்திருந்தாள்.

“எப்போலேர்ந்து இதெல்லாம்?”

“போன வருஷத்துலேர்ந்து. நீ எழுதிட்டு இருந்த.”

4

முடிவு ஒன்று: வண்டி வருகிறது, அக்கா ஏறுகிறாள்.

முடிவு இரண்டு: வண்டி பழுதாகி… வேண்டாம், மலிவு.

மூன்றாவதை எழுதி அவளிடமே நீட்டினேன்.

“கதையிலயாவது நீ போகாம இருந்துடேன்க்கா. யாருக்கு என்ன நஷ்டம்?”

முழுவதும் படித்தாள். சமையல் நோட்டுகள் இரண்டில் கைக்கு வந்ததைப் பெட்டிக்குள் வைத்தாள். எதுவென்று நான் பார்க்கவில்லை. அதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிறகு தாளை என் பக்கம் தள்ளினாள்.

“வேண்டாம்டி.”