மனுவுக்கு வேண்டியவர்

வக்கீல் டெல்ஃபினா சொன்னதை நிக்கனோரா இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் நம்பினாள்.

மகள் யாரெட்சி அமெரிக்காவில் பிறந்தவள், குடியுரிமை உள்ளவள். இருபத்தொரு வயதானதும் அம்மாவுக்காக விண்ணப்பித்துவிட்டாள். ஆனால் காகிதமில்லாமல் எல்லை தாண்டி வந்த நிக்கனோரா, விசா நேர்காணலுக்கு மெக்சிகோ போனால் பத்து வருடம் திரும்ப முடியாது. அந்தத் தடையை நீக்கக் கேட்டு முதலில் ஒரு மன்னிப்பு மனு போட வேண்டும். அதில் பிள்ளைகள் படப்போகும் கஷ்டம் கணக்கில் வராதாம்.

"புருஷனோ, பெத்தவங்களோதான். அவங்களுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்கணும். நீ இல்லாட்டி ரொம்பக் கஷ்டப்படுவாங்கன்னு காட்டணும். உனக்கு யார் இருக்கா?"

"அப்பாவுக்கு கிரீன் கார்டு இருக்கு. ஆனா நான் இல்லாம அவர் நல்லாத்தான் இருக்கார். நாங்க பேசியே பல வருஷமாச்சு."

அப்பா எவோதியோவும் ஒரு காலத்தில் அவளுக்காக விண்ணப்பித்தவர்தான். முறை வரும்வரை கல்யாணம் வேண்டாம் என்று கெஞ்சினார். அவள் கேட்கவில்லை. கல்யாணத்தோடு அந்த விண்ணப்பம் செல்லாமல் போயிற்று. பின்னால் புருஷன் அவளை விட்டுப் போனபோது, "நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் எவோதியோ. அன்றைக்கு நின்றது பேச்சு.

இருவரும் இருந்தது யாக்கிமாவில், ஒரே ஊரில். ஞாயிற்றுக்கிழமை மக்காச்சோள மாவில் தமாலே அவித்து எடுத்துக்கொண்டு அவருடைய டிரெய்லர் வீட்டுக்குப் போனாள்.

"யாரு?" வாசலில் நேருக்கு நேர் நின்றுகொண்டே கேட்டார்.

"உங்க மக."

"எந்த மக?"

"எத்தனை வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுதான். அதுவும் சொன்ன பேச்சு கேக்காது. உள்ள வா."

விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். "நீ இல்லாட்டி நான் கஷ்டப்படுவேனா? எனக்கு நானே சமைக்கிறேன், துவைக்கிறேன். பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் கூடாதுன்னுதான் வக்கீலும் சொல்றாங்க."

அவளுக்கு காபி ஊற்றினார். ஊற்றும்போது கோப்பைக்குள் ஒரு விரலை விட்டிருந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த விரல் அவளை விடவில்லை.

அடுத்த ஞாயிறும் போனாள். அவர் திரும்பி நின்ற நேரத்தில் சர்க்கரை டப்பாவை ஒரு சாண் தள்ளி வைத்தாள். செய்ததுமே மனசு குறுகுறுத்தது. அவர் கை பழைய இடத்துக்குப் போய் வெறும் மேசையைத் தடவியது.

"எப்போலேருந்துப்பா?"

"என்ன எப்போலேருந்து?"

"கண்ணு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நடுவுல ஒரே இருட்டு. ஓரத்துலதான் தெரியுது. உன் மூஞ்சியைப் பாக்கணும்னா உன் காதைப் பாக்கணும்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா வண்டிச் சாவியைப் புடுங்கிடுவாங்க."

"இன்னுமா ஓட்டறீங்க?"

"சர்ச்சுக்கு மட்டும். வண்டிக்கே வழி தெரியும்."

ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். சத்தம் கேட்டிருக்கும். அவர் சர்க்கரை டப்பாவைத் தடவி எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார்.

அதற்குப் பிறகு கண் மருத்துவரிடமும் சர்ச்சுக்கும் அவள்தான் கூட்டிப் போனாள். பார்வை திரும்பாது என்றார் மருத்துவர். அவர் கண்ணைக் காட்டிக் கேட்கும் மனுவே வேண்டாம், விட்டுத்தள்ளலாம் என்று அவளே ஒருநாள் சொன்னபோது எவோதியோ கோபப்பட்டார். "என்னை வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போ."

டெல்ஃபினாவிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். தட்டில் என்ன இருக்கிறது என்று மகள் சொல்வதையும், அவள் வராத நாளில் மாத்திரையை மாற்றி விழுங்கியதையும்கூட. கடைசியில், "எல்லாத்தையும் எழுதிக்கோம்மா. நான் அழுதேன்னு மட்டும் எழுதாதே," என்றார்.

"அழுதீங்களா ஐயா?"

"இல்லைன்னுதானே சொல்றேன்."

மூன்று குளிர்காலம் கழித்து மனு ஏற்கப்பட்டது. யாரெட்சி தாத்தாவோடு தங்கிக்கொள்ள, நிக்கனோரா விசாவுக்காக மெக்சிகோவின் எல்லை நகரமான சியுதாத் ஹுவாரெஸுக்குப் போனாள். மருத்துவப் பரிசோதனை, நேர்காணல், காத்திருப்பு என்று நாட்கள் நகர்ந்து, விசா கையில் வந்தது. பாலத்தைக் கடந்து எல்லைச் சாவடியைத் தாண்டியதும் அப்பாவை போனில் கூப்பிட்டாள்.

"என்ன கேட்டாங்க?"

"பையில பழம் இருக்கான்னு சாவடி ஆபீசர் கேட்டான்."

"பழமா? வேற ஒண்ணும் கேக்கலையா?"

"இல்லப்பா. போகச் சொல்லிட்டான்."

"அவன் எப்படி இருந்தான்? சின்னப் பையனா, வயசானவனா? முதல்லேருந்து சொல்லு," என்றார்.

நடைபாதை ஓரமாகப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.