கேட்டால் சொல்ல ஒரு பதில்

கல்லூரிப் பிரசன்டேஷனைக் குழுவுக்குள் பங்கு பிரித்தபோது மருந்துக்கடை அக்காவுக்குக் கிடைத்தது கடைசி ஸ்லைடு. அதில் 'கேள்விகள்?' என்ற ஒரு சொல்தான் இருந்தது.

"உங்களுக்கு ஈஸிக்கா. எவனும் கேக்க மாட்டான். எல்லாருக்கும் கேன்டீன் போற அவசரம்," என்றான் லீடர்.

"அப்படியே கேட்டா?"

"சார் மயக்கம் போட்டு விழுந்துருவார்," என்றாள் குழுவின் தடிக்கண்ணாடிக்காரி சோடாபுட்டி.

பாதியில் விட்ட படிப்பை நாற்பதை நெருங்கும்போது தொடர வந்தவள் அக்கா. அவளும் சிரித்துவைத்தாள்.

அவளிடம் கேள்வி கேட்காத ஆள் கிடையாது. கவுண்டரில் நின்றால், சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, சில்லறை இருக்கா. வீட்டுக்குப் போனால், சாவி எங்கே, சட்டை காய்ந்ததா. எல்லாப் பதிலும் மாத்திரை அட்டையிலோ ஆணியிலோ கொடியிலோ இருந்தது. அவள் எடுத்துக் கொடுப்பவள் மட்டும். நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை.

பிரசன்டேஷனின் தலைப்பு, 'வரிசையில் நிற்கும் மனிதர்கள்'. அதனால் கடைக்கு வருகிறவர்களைக் கவனிக்க ஆரம்பித்தாள். மருந்தையும் மீதியையும் வாங்கிக்கொண்ட பிறகும் சிலர் நகர்வதில்லை. மழை வருமா என்று வெளியே பார்ப்பார்கள். காலாவதித் தேதியை வாசிப்பார்கள். வீட்டில் பேச ஆள் இல்லாதவர்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அது மட்டுமில்லை என்று பிறகு தோன்றியது. பாத்திரம் துலக்கும்போது, அவர்கள் ஏன் நகர்வதில்லை என்று தானே கேட்டுத் தானே பதில் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பதில் கொஞ்சம் நீண்டது.

"என்ன தனியா முனகுற?" என்றார் கணவர்.

"காலேஜ்ல பேசணுங்க."

"எவ்ளோ நேரம்?"

"யாராச்சும் கேட்டாதான்."

"அப்ப சரி," என்று டிவி சத்தத்தைக் கூட்டினார்.

பிரசன்டேஷன் அன்று லீடர் படபடவென்று பேசினான். சோடாபுட்டி தாளைப் பார்த்து வாசித்தாள். பேசிவைத்தபடி முன்வரிசை நண்பன் ஒரு கேள்வி கேட்க, பேசிவைத்த பதிலை லீடரே முந்திக்கொண்டு சொன்னான். கைதட்டல். பைகளின் ஜிப் இழுபடும் சத்தம்.

"வேற யாருக்காவது?" என்றார் பேராசிரியர், வருகைப் பதிவேட்டை மூடிக்கொண்டே.

"வாங்கக்கா, முடிஞ்சிருச்சு," என்றான் லீடர்.

"இருப்பா."

மேசை விளிம்பைப் பிடித்தபடி பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தாள். கடைசி பெஞ்சில், ஜன்னலோரப் பெண்ணின் கை மெல்ல மேலே எழுந்தது. கேட்கவா, அவிழ்ந்த கூந்தலை முடியவா என்று இங்கிருந்து தெரியவில்லை.

"கேளும்மா," என்றாள்.

அந்தக் கை, காதைத் தாண்டி, அப்படியே அந்தரத்தில் நின்றது.