குனிந்த தலைகள்

அந்த மிஷனரி ஐக்கியத்தில் சார் கிடையாது, மேடம் கிடையாது. எல்லோரும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி. இயக்குநர்கூட இயக்குநர் அண்ணன்தான். சேர்ந்த புதிதில், மலை ஊழியத்துக்கு வந்த நர்ஸுக்கு இது தேனாக இனித்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது. சாரோடு சண்டை போடலாம், போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். அண்ணனோடு சண்டை போட்டால் குடும்பத்தைப் பிரிக்க வந்தவள் என்று பெயர் வரும். அப்படி ஒரு வசதி அந்தச் சொல்லில் இருந்தது. வசதி எப்போதும் அண்ணன் பக்கம்தான்.

தலைமை அலுவலகத்தின் மாடியில் கூட்ட அறை. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஐக்கியத்தின் விழுமியங்கள் பெரிய எழுத்தில் தொங்கின. முதல் வரி, 'முதலில் கேட்போம், பிறகு பேசுவோம்.' அதை வெறும் அலங்காரம் என்று சொல்லிவிட முடியாது. வேறு மொழி பேசும் மக்களிடம் போகிற எந்த ஊழியரும் முதல் இரண்டு வருடம் பிரசங்கம் செய்யக் கூடாது. மொழியைப் படிக்க வேண்டும், அந்த மக்களோடு உட்கார வேண்டும், வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நர்ஸும் அவள் கணவரும் அப்படித்தான் மலைக்குப் போனார்கள். அந்த ஒரு விதியை நம்பித்தான் அவள் இங்கே சேர்ந்ததே. அதனால்தான் இன்றைக்கு அவளுக்கு இவ்வளவு ஆத்திரம்.

விஷயம் இதுதான். மலைப் பிள்ளைகளுக்கென்று ஐக்கியம் நகரத்தில் ஒரு விடுதி கட்டியிருந்தது. ஆறு வயதானால் பிள்ளையை இறக்கிக் கொண்டுவந்து படிக்கவைப்பது, வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு அனுப்புவது என்று திட்டம். திங்கட்கிழமை வண்டி போகிறது. மலை மக்கள் சம்மதித்துவிட்டார்களாம். எப்போது? நர்ஸும் கணவரும் விடுமுறையில் இருந்தபோது இயக்குநர் அண்ணன் மலையேறியிருக்கிறார். அரைகுறையாக அந்த மொழி பேசும் உப்பு வியாபாரி ஒருவனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஊரைக் கூட்டிக் கேட்டிருக்கிறார்.

"ஒருத்தர்கூட எதிர்த்துப் பேசல தங்கச்சி. எல்லாரும் தலைய குனிஞ்சு அமைதியா உக்காந்திருந்தாங்க. என்ன ஒரு தாழ்மை! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு" என்று அவர் சொன்னபோது, அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

அந்த மலையில் தலையைக் குனிந்து பேசாமல் இருந்தால், 'முடியாது' என்று அர்த்தம். பெரியவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது அங்கே காறித் துப்புவதற்குச் சமம். ஆகவே குனிந்துகொள்வார்கள். சம்மதம் என்றால் சத்தம் போடுவார்கள், குறுக்கே பேசுவார்கள், ஆளுக்கொரு நொட்டை சொல்லிச் சிரிப்பார்கள். முதல் வருடமே அவள் கற்றுக்கொண்டது இது. கற்றுக்கொடுத்தவள் வாலுவின் அம்மா.

வாலு என்பது நர்ஸ் வைத்த பெயர். பிரசவம் பார்த்ததும் அவள்தான். நடக்கத் தொடங்கியதிலிருந்து அந்தப் பெண்குழந்தை மருந்துப் பெட்டியைத் தொட்டுக்கொண்டே அவள் பின்னால் திரிந்தது. இப்போது ஆறு வயது. திங்கட்கிழமை வண்டியில் வாலுவும் போயாக வேண்டும். அதைத் தடுக்கத்தான் அவள் அம்மா மலை இறங்கி, பஸ்ஸில் வழியெல்லாம் வாந்தி எடுத்து, இந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தாள். இயக்குநர் அண்ணனோ அவள் நன்றி சொல்ல வந்திருப்பதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

போதாக்குறைக்கு, விடுதிக்கு வார்டனாகப் போவது நர்ஸின் கணவர். நகரத்தில் வீடு கிடைக்கும். அவள் தங்கை வீட்டில் வளர்கிற மகளைத் திரும்பக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம்.

"அண்ணன் மனசு நோகாம பக்குவமா சொல்லு" என்றார் அவர், படியேறும்போது.

"புள்ளையப் புடுங்கப் போறது அவளோடத. நீங்க அண்ணன் மனசுக்கு ஒத்தடம் குடுக்கச் சொல்றீங்க."

"நம்ம பொண்ணையும் கொஞ்சம் நெனச்சுப் பாரு."

அவள் இரண்டிரண்டு படியாக ஏறினாள். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததில் கோபம் இன்னும் ஏறியது.

நிர்வாகக் குழுவினர் டீ குடித்து முடித்ததும் இயக்குநர் அண்ணன் வாலுவின் அம்மாவைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துவிட்டு நர்ஸ் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, அக்காகிட்ட கேளுங்க. பிள்ளைய அனுப்புறதுல சந்தோஷம்தானே?"

நர்ஸ் சர்க்கரை தடவாமல் மலை மொழியில் கேட்டாள். 'உன் மகளைக் கொண்டுபோகப் போகிறார்கள். கொடுப்பாயா?'

வாலுவின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாத்தீங்களா! இதத்தான் சொன்னேன்!" என்றார் இயக்குநர் அண்ணன். யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள்.

"அண்ணா, அவ முடியாதுன்னு சொல்றா." நர்ஸின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அன்னைக்கு ஊரே முடியாதுன்னுதான் சொல்லியிருக்கு. அங்க குனிஞ்சா அதுதான் அர்த்தம். ரெண்டு வருஷம் வாய மூடிக்கிட்டு உக்காருங்கன்னு எங்களுக்குச் சட்டம் போட்டீங்களே, நீங்க ரெண்டு மணி நேரமாவது உக்காந்தீங்களா?"

எல்லாத் தலைகளும் இயக்குநர் அண்ணன் பக்கம் திரும்பின.

"தங்கச்சி, மொழிபெயர்க்கத்தான் கூப்பிட்டோம். விளக்கம் சொல்ல இல்ல." அவர் சிரிப்பு மாறவே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "பெத்த மனசு மாதிரி பேசுறீங்க, புரியுது. தம்பிக்கும் அந்த மொழி தெரியுமே. தம்பி, நீங்க சொல்லுங்க."

எல்லோரும் அவள் கணவரைப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பன்னிரண்டு வருடம் கூடவே வாழ்ந்தவள். அது எந்த ஊர்க் குனிவு என்று அவளுக்கே விளங்கவில்லை. மலைக் குனிவா, இல்லை இந்த அலுவலகத்துக் குனிவா? பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

"ஆக, தம்பிக்கும் சம்மதம்" என்றார் இயக்குநர் அண்ணன்.

நர்ஸ் வாலுவின் அம்மா பக்கம் திரும்பி அவள் மொழியில் வெடித்தாள். "இவங்களுக்கு நீ குனிஞ்சா சரின்னு அர்த்தம். வண்டி அனுப்பிடுவாங்க. வாயத் தெறந்து சொல்லு!"

வாலுவின் அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. இப்படி ஒரு அசிங்கத்தை அவள் வாழ்நாளில் யாருக்கும் செய்ததில்லை. எழுந்து நின்றாள். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இயக்குநர் அண்ணனின் முகத்துக்கு நேராக ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் அவர்.

இந்த முறை நர்ஸ் மொழிபெயர்க்கவில்லை. கணவரையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் மெல்ல நிமிர்ந்தார். "முடியாதுன்னு சொல்றாங்க அண்ணா." வாலுவின் அம்மாவைப் பார்த்தார். "அவங்க அந்த வார்த்தைய சொல்லி நான் கேட்டதே இல்ல. வார்டன் வேலைக்கு வேற ஆள் பாருங்க. என்னாலயும் முடியாது."

மகள் இன்னும் கொஞ்ச காலம் தங்கை வீட்டில்தான் இருப்பாள். நர்ஸுக்கு அழுகை முட்டியது. அதையும் கோபத்தோடு சேர்த்து விழுங்கிக்கொண்டாள்.

இயக்குநர் அண்ணன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "சரி, உணர்ச்சிவசப்பட வேணாம். வண்டி விஷயத்த அப்புறம் பாப்போம். மொதல்ல ஒருமனப்பாட்டுக்காக ஜெபம் பண்ணுவோம்."

மேசையைச் சுற்றி ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. இயக்குநர் அண்ணன் தலையும் குனிந்தது. யாரும் பேசவில்லை. நர்ஸ் மட்டும் குனியவில்லை.

வாலுவின் அம்மா ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல மெல்ல ரத்தம் திரும்பியது. நர்ஸின் காதோரம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டாள். "எல்லாருமே முடியாதுன்னுட்டாங்களா? அந்தப் பெரியவருமா?"

இத்தனை எரிச்சலுக்கு நடுவிலும் நர்ஸுக்குச் சிரிப்பு பீறிட்டது. "ஆமா, எல்லாருந்தான். வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். இத்தனை வருடத்தில் இவ்வளவு சரியாக அவள் மொழிபெயர்த்ததே இல்லை.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டுக் கணவர் கண்ணைத் திறந்தார். ஒரு கணம் தயங்கினார். பிறகு அவரும் எழுந்து வந்தார். மூன்று பேரும் பாதிப் படி இறங்கியபோதுதான் மேலே "ஆமென்" என்று கேட்டது.

"திங்கட்கிழமை வண்டி வந்துட்டா?" என்றார் கணவர்.

"வரட்டும். ஊரே குனிஞ்சு நிக்கும்" என்றாள் நர்ஸ். "இந்தத் தடவ மொழிபெயர்க்க உப்பு வியாபாரி இல்ல. நான் இருக்கேன்."