இரண்டு மீட்டர் கூடுதல்

என் கணவருக்கு அலுவலகத்தில் சங்கிலி என்று பெயர். நில அளவைத் துறையில் முப்பத்தோரு வருட வேலை. ஒரு வயலின் நீளத்தை நடந்தே சொல்லிவிடுவார். பிறகு அளவுச் சங்கிலியைப் போட்டுப் பார்த்தால் ஒரு சாண்கூடத் தவறாதாம். அவர் எடுத்து வைக்கும் ஓர் எட்டு எழுபத்தைந்து சென்டிமீட்டர். கல்யாணமான புதிதில் இதை என்னிடம் ஏதோ பெரிய ரகசியம் போலச் சொன்னார். நான் தையல்காரி. உங்கள் கால் நீளம் எனக்கு எப்போதோ தெரியும் என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

அவர் நுரையீரலில் கட்டி இருப்பது தெரிந்தபோது டாக்டர் சுற்றி வளைக்காமல் பேசினார். நான்கு முறை கீமோ, மூன்று வாரத்துக்கு ஒன்று. கட்டி சுருங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் அதற்கு ஆள் தாங்க வேண்டும். ஆறு நிமிடத்தில் நானூறு மீட்டர் நடந்து காட்டினால் கத்தியை எடுக்கிறேன், இல்லாவிட்டால் மாட்டேன் என்றார். கீமோ ஏறுகிறது என்று படுத்தே கிடந்தால் கால் முதலில் கைவிடும், பிறகு மூச்சு கைவிடும், அதனால் தினமும் நடக்கச் சொல்லுங்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

பிசியோதெரபி பெண் மூச்சு விடக் கற்றுக்கொடுத்தாள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான பாலை ஊதுவது போல மெல்ல விட வேண்டும். தலை சுற்றினால் நிற்க வேண்டும். காய்ச்சல் என்றால் அன்றைக்கு நடையே கிடையாது.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில். வாசலுக்கு வெளியே நீளமான பொது வராந்தா. ஒரு பக்கம் வரிசையாகக் கதவுகள், மறுபக்கம் கம்பித் தடுப்பு. பிற்பகலில் அங்கே வெயில் சாய்ந்து விழும். அந்த நேரத்தில் அவர் நடப்பார். குமட்டலுக்குக் கொடுத்த மாத்திரையில் கண் பாதி மூடியிருக்கும். நான் கையில் கைப்பேசியை வைத்து நேரம் பார்த்தபடி இரண்டடி பின்னால் போவேன்.

நடக்கும்போது அவர் இந்த வராந்தாவில் இருக்கமாட்டார். முதல் கதவைத் தாண்டியதும் ஆற்றங்கரை வந்துவிட்டது என்பார். மூன்றாவது கதவு வந்தால் நாணல் காடு. கம்பிகளின் நிழல் தரையில் கோடு கோடாக விழுந்திருக்கும். அது உழுத நிலம், பார்த்துக் கால் வை என்று என்னையும் எச்சரிப்பார். எப்போதோ அளந்த நிலமெல்லாம் அவருக்குள் சுருண்டு கிடந்து, நடக்க நடக்க விரிந்தது. முதலில் எனக்கு எரிச்சலாக வந்தது. கடையில் தைத்துக் கொடுக்க வேண்டியது மலையாகக் கிடக்க, நான், இல்லாத ஓர் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தேன். போகப் போக எனக்கும் கொஞ்சம் தண்ணீர்ச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு அம்மா கதவைத் திறந்தால், இந்த அம்மா ஏன் ஆற்றுக்கு நடுவில் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

எண்ணிக்கை மட்டும் அவருக்குத் தப்பாது. ஐந்நூற்று முப்பத்து நான்கு எட்டு. எழுபத்தைந்தால் பெருக்கினால் நானூறு மீட்டர். மூன்றாவது கீமோ முடிந்த வாரத்தில், ஆறு நிமிடத்துக்குள் அந்த எண்ணிக்கையை முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தார். நானும் அகமகிழ்ந்துபோனேன். டாக்டர் சொன்ன நடைப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

மறுநாள் காலை குளித்துவிட்டு ஈரக் காலோடு அறைக்குப் போனார். தரையில் பாதத் தடங்கள் வரிசையாக இருந்தன. துணியைப் பார்த்தாலே அளவு சொல்லும் கண் எனக்கு. தடங்கள் நெருக்கமாகக் கிடந்தன. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, குனிந்து, குதிகாலிலிருந்து குதிகாலுக்கு அளந்தேன். ஐம்பத்திரண்டு.

மருந்தால் அவருக்குப் பாதம் மரத்துப்போயிருந்தது. பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். எட்டு சுருங்கியது அவருக்கே தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க நம்பிய காலை இப்போதும் நம்பியிருக்கிறார். நானூறு என்று அவர் நினைத்தது இருநூற்று எழுபத்தெட்டுகூட வரவில்லை.

இரண்டு நாள் சொல்லாமல் விழுங்கினேன். மூன்றாம் நாள், இன்றைக்கு நடை போதும், நமக்குத்தான் நானூறு வந்துவிட்டதே என்று அவர் நாற்காலியில் காலை நீட்டியபோது, எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. பக்குவமாகச் சொல்ல நினைத்ததைப் போட்டு உடைத்தேன்.

"உங்க எட்டு எழுபத்தஞ்சு இல்லைங்க. அம்பத்திரண்டு. நான் அளந்துட்டேன்."

அவர் தன் பாதங்களை யாரோ கொண்டுவந்து வைத்த பொருளைப் போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நடக்கவில்லை. அடுத்த நாள் எழுந்து வந்து, இனிமேல் என் கால் கணக்கு வேண்டாம், வராந்தாவில் இருபது மீட்டரை நீயே அளந்து கோடு போடு, குனிந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது என்றார்.

இங்கேதான் நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். தையல்காரி எந்தத் துணியையும் உடம்பு அளவுக்கே வெட்டமாட்டாள். உள்ளே கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுவாள். நாளைக்கு இறுக்கிப் பிடித்தால் தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். அவர் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் இருபத்திரண்டு மீட்டரில் சாக்பீஸால் கோடு போட்டேன். இருபது என்று சொன்னேன். சரியாக அளந்தாயா என்று கேட்டார். என் டேப் பொய் சொல்லுமா என்று கேட்டேன். டேப் சொல்லவில்லைதான்.

கோட்டிலிருந்து கோட்டுக்கு ஒரு சுற்று. இருபது சுற்று அவருக்கு நானூறு. முதல் நாள் ஆறு நிமிடத்தில் பதின்மூன்று சுற்றுதான் வந்தது. நீளமாக எட்டு வைக்கக் காலைப் பழக்கினார். நாலாவது கீமோ வந்து ஒரு வாரத்தைத் தின்றது. அந்த வாரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, பத்து முறை. வாயெல்லாம் இரும்பு ருசி என்றார். பிறகு மறுபடி வராந்தா. பதினான்கு, பதினாறு. பிற்பகல் வெயிலில் மெதுவாக ஆறு திரும்பி வந்தது, நாணல் வந்தது. ஆனால் அவர் அதைப் பற்றிப் பேசுவது குறைந்துபோனது. நான் அவர் முதுகின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். சில நாள் யார் நடக்கிறார், யார் தூங்குகிறார் என்றே எனக்குத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கனவுக்குள் முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தோம்.

கடைசி வாரம் பதினெட்டில் நின்றுவிட்டது. தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் வரவில்லை. அவர் கணக்கில் முன்னூற்று அறுபது. என் கணக்கில் முன்னூற்றுத் தொண்ணூற்றாறு. எனக்கு உள்ளுக்குள் தைரியம். அவர் வேர்வையைத் துடைத்துக்கொள்வார்.

பரீட்சை நாளன்று ஆஸ்பத்திரியின் நீண்ட வழியில் இரண்டு ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்திருந்தார்கள். நான் பின்னால் போகக்கூடாது, பேசவும் கூடாது என்று பெஞ்சில் உட்கார வைத்தாள் பிசியோதெரபி பெண். அவர் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டி நடக்கச் சொன்னாள். வெள்ளை வெளிச்சத்தில் அவர் சின்னதாகிப் போவார், திரும்பி வந்து பெரிதாவார். நாலாவது நிமிடத்தில் சுவரில் கை வைத்து நின்றார். கடிகாரம் நிற்கவில்லை. எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. உதட்டைக் குவித்து மூன்று முறை ஊதினார். பிறகு கையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

நானூற்று நான்கு.

டாக்டர் ஸ்கேனையும் அந்த எண்ணையும் பார்த்துவிட்டு, மூன்று வாரம் கழித்து ஆபரேஷன் என்று தேதி எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் இவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். களைப்பு என்று நினைத்தேன். அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

முந்தாநாள் வரை முன்னூற்று அறுபது, இன்றைக்கு நடுவில் நின்றும் நானூற்று நான்கு, இந்த நாற்பத்து நான்கு மீட்டர் எங்கிருந்து முளைத்தது என்று கேட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? கோடு போட்டபோது உள்ளே கொஞ்சம் விட்டுப் போட்டேன், சுற்றுக்கு இரண்டு மீட்டர் என்றேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நீ ரெண்டு மீட்டர்தான் விட்ட. நான் உன்னையே விட்டுட்டுப் போறதுக்கு ஏற்பாடு பண்ணிட்டேனே."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். எண்ணிக்கை ஏறாது என்று தெரிந்துவிட்டதால், நான் கடைக்குப் போயிருந்த ஒரு காலையில் தன் தம்பிக்குப் போன் செய்திருக்கிறார். எனக்குப் பிறகு அண்ணியைத் தனியாக விட்டுவிடாதே, உன் வீட்டோடு வைத்துக்கொள் என்று கேட்டிருக்கிறார். என் கொழுந்தனும் மாடி அறையைக் காலி செய்து, சுவருக்கு வெள்ளையடித்து, என் தையல் மெஷின் வைக்க ஜன்னலோரத்தில் இடமும் விட்டிருக்கிறாராம்.

நல்லது செய்கிறேன் என்று நினைத்து அவரைத் தினமும் தோற்க வைத்திருக்கிறேன். அவர் அந்தத் தோல்வியை ஒரு வார்த்தை சொல்லாமல் சுமந்துகொண்டு என் முன்னால் நடந்திருக்கிறார்.

"வராதுன்னு தெரிஞ்சப்புறம் எதுக்குங்க நடந்தீங்க?"

"நீ பின்னாலயே வர்ற. நான் நின்னா நீ அழுவ."

அழுதேன். ஆஸ்பத்திரிப் படியில், போகிறவர் வருகிறவர் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு, ஆபரேஷன் முடியட்டும், தம்பியிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், அந்த அறை இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"இப்பவே சொல்லுங்க. நான் வரலைன்னு சொல்லுங்க."

அவர் தம்பியின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.