பின்சக்கரத்துக்குப் பதினைந்து மில்லிமீட்டர்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நகைச்சுவைக் கதையாகத்தான் ஆரம்பித்தது. என் அக்கா மகன் ஜெகன் ஒரு பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். அதற்கு எந்த அளவு டயர் போடுவது என்று மூன்று மாதம் அவன் பட்ட பாட்டை, வாசகர்கள் சிரிக்கும்படி நாலு பக்கம் எழுதி, ஒரு பத்திரிகையின் தீபாவளி மலருக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. அன்று எழுதிய முதல் பத்தி இன்னும் என் நோட்டில் இருக்கிறது. கீழே தருகிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள்.

"டெல்லி ஆர்.கே.புரம் அரசாங்கக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் பையனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தபோது, ஜெகன் மட்டும் காருக்கு டயர் தேடிக்கொண்டிருந்தான். ஜாதகம் போலவே இதிலும் எண்கள் உண்டு, பொருத்தம் உண்டு. பெண் வீட்டாரைப் போலவே டயர் கடைக்காரர்களும்"

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. டயர் கடைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று எழுத நினைத்தேனோ, இப்போது ஞாபகமில்லை. நின்ற நேரம் மட்டும் ஞாபகமிருக்கிறது, மாலை நாலே முக்கால். அப்போதுதான் அக்கா லீலாவதியிடமிருந்து போன் வந்தது.

ஜெகன் இறந்து எட்டு மாதமாகிறது. அவனுக்கு இருபத்தாறு வயது.

2

இரண்டாவது முறை தொடங்கியபோது அது கட்டுரையாகிவிட்டது:

"டயரின் பக்கவாட்டில் 225/45 R17 என்று எழுதியிருக்கும். 225 என்பது அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது மில்லிமீட்டர் அல்ல. அகலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு டயரின் உயரம் என்று பொருள். 17 என்பது உள்ளேயிருக்கும் வளையத்தின் விட்டம், அங்குலத்தில்."

(எழுதியவளுக்கு எதுவுமே நடக்காதது போல இருக்கிறது, இல்லையா? அதனால் கைவிட்டேன். ஆனால் இந்த விவரம் உங்களுக்குத் தேவைப்படும், அதனால் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.)

ஜெகனுக்குப் பதினெட்டு அங்குலச் சக்கரம் வேண்டும். வளையம் பெரிதானால் டயர் மெலிய வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும் என்றான். கடைசியில் முன்னால் 225/40, பின்னால் 245/35 என்று முடிவானது. அதற்குப் பிறகும் ஒரு குறை. பின்சக்கரங்கள் காரின் உடம்புக்குள் ஒடுங்கித் தெரிந்தன. அப்பாவின் பேண்ட்டைப் போட்டுக்கொண்ட பையன் மாதிரி இருக்கிறது என்று அவனே சொன்னான். இதற்கு மருந்து ஸ்பேசர், அலுமினியத்தில் செய்த தட்டையான வளையம். அதை நடுவில் வைத்துச் சக்கரத்தை மாட்டினால், வளையத்தின் தடிமன் அளவுக்குச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும்.

எத்தனை தடிமன் என்று அளந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். பூக்கட்டும் நூலில் ஒரு நட்டைக் கட்டி, சக்கரத்துக்கு மேலுள்ள விளிம்பிலிருந்து தொங்கவிட்டான். நூல் ஆடாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. மண்டியிட்டு உட்கார்ந்து நூலைப் பார்த்துக்கொண்டே, இதை எப்படி எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தப் புத்தி எனக்கு எப்போதும் உண்டு. பதினேழு இருக்கிறது, இருபது போடலாமா என்று கேட்டான். மாடியிலிருந்து அக்கா, துருத்திக்கொண்டு நின்றால் நன்றாக இருக்காது என்றாள். ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசரான அவள், டயர் விஷயத்திலும் ஒரு குறிப்பு எழுதாமல் விடமாட்டாள். பதினைந்து போதும் என்று தீர்ப்பானது.

கடைகளில் கண்டபடி முறுக்கிவிடுவார்கள் என்று அவனே வீட்டு வாசலில் மாட்டினான். இதற்கென்றே ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கியிருந்தான். கை நீளத்துக்கு ஒரு ஸ்பானர், வேண்டிய இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும். நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கேட்டேன். நூற்றெட்டு நியூட்டன் மீட்டர் என்றான்.*

* எண்ணைக் கேட்டதும் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். அர்ச்சனை எண்ணிக்கை, ஒரு குறையும் வராது என்றாள். இந்த அடிக்குறிப்பை மூன்று முறை நீக்கினேன். அவள் சிரித்த சிரிப்பு வேறெங்கும் பதிவாகவில்லை என்பதால் திரும்பச் சேர்த்தேன்.

ஸ்பேசர் போட்ட சக்கரத்தை நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, நட்டுகளை இன்னொரு முறை இறுக்கம் பார்க்க வேண்டுமாம். சாப்பாட்டு மேஜையில் இதையும் சொன்னான். நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

3

வெளியாருக்கு இங்கே ஒரு விளக்கம் வேண்டும். எங்கள் பூர்வீகம் சிதம்பரம் பக்கம். டெல்லிக்கு வந்து முப்பது வருஷமாகியும் லீலாவதி விடாதது ஆயுத பூஜை. அரிவாள்மணை, கத்தரிக்கோல், தையல் மெஷின், அலுவலக அடையாள அட்டை எல்லாம் சாமிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். சந்தனம், குங்குமம் வைத்துப் படைத்தபின், மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் அவற்றைத் தொடக் கூடாது. தொழில் செய்கிற பொருளுக்கு ஒரு நாள் ஓய்வு. அன்று படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது.

ஜெகன் இதையெல்லாம் கேலி செய்பவன். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட வராது. ஆனால் பூஜையில் வைத்த பொருளைத் தொட்டதில்லை. பள்ளிக்கூட நாட்களில் புத்தகத்தைத் தொட முடியாத அந்த ஒரு நாள் அவனுக்கு அவ்வளவு பிடிக்கும். அந்தப் பழக்கம் அப்படியே தங்கிவிட்டது.

போன வருஷம் ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது. மறுநாள் காந்தி ஜெயந்தி, விடுமுறை. மதியம் ஒன்றரைக்கு ஜெகன் ஜெய்ப்பூருக்குக் கிளம்பினான், தனியாக. நண்பர்கள் அங்கே காத்திருந்தார்கள். அவனுடைய ரெஞ்சும் ஸ்பானர்களும் சாமி அறையில் குங்குமப் பொட்டுடன் இருந்தன. பாதி வழியில், பெஹ்ரோருக்குக் கொஞ்சம் முன்னால், இடது பின்சக்கரம் கழன்று

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

4

பத்தாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, மாமா கேட்டார். மாமா என்றால் கலியமூர்த்தி, அக்கா கணவர், ஜெகனின் அப்பா. விமானப்படை அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"அந்த ரெஞ்ச்ச எடுத்து சாமிகிட்ட வெச்சது யாரு?"

"நான்தான்" என்றாள் லீலாவதி.

அதற்குப் பிறகு மாமா அவளிடம் பேசவில்லை. எட்டு மாதம். காய்கறி வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். அதே ஹாலில் உட்கார்ந்துகொண்டு எனக்கு போன் செய்து, உங்க அக்காகிட்ட மாத்திரை தீந்துடுச்சுன்னு சொல்லும்மா என்பார். நான் அக்காவுக்கு போன் செய்து சொல்வேன்.

லீலாவதி என்ற பாத்திரத்தின் மேல் எனக்கு இங்கே ஒரு சந்தேகம் வருகிறது. அவள் உண்மையிலேயே அப்படி நம்பினாளா? எல்லாப் பொருளையும் எடுத்து வைத்தவள் அவள்தான், அதனால் இதையும் வைத்தோம் என்று நினைத்திருக்கலாம். அல்லது அவளுக்குத் தெரிந்திருக்கலாம். "நான்தான்" என்று சொல்லும்போது அவள் மாமாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எழுதிப் பார்த்தேன். நாலு விதமாக வந்தது, நாலும் எனக்குச் சாதகமாக இருந்தது, நாலையும் கிழித்துப் போட்டேன்.

5

வைத்தது நான்.

முந்தின நாளே அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லாம் அடுக்கி முடித்தபின், மூலையில் அந்த ரெஞ்ச் பெட்டியைப் பார்த்தேன். திறந்தால் சிவப்புத் துணியில் பளபளவென்று கிடந்தது. நம் பிள்ளையின் ஆயுதம் இதுதானே என்று தோன்றியது. மற்ற ஸ்பானர்களோடு எடுத்துவந்து நடுவில் வைத்தேன். பொட்டும் நான்தான் வைத்தேன்.

அது அறியாமல் செய்தது. இனி சொல்வது அப்படியல்ல.

பூஜையன்று காலை, படையல் முடிந்து பதினோரு மணி இருக்கும். அக்கா குளியலறையில் இருந்தாள், மாமா வெளியே போயிருந்தார். ஜெகன் சாமி அறை வாசலில் வந்து நின்றான்.

"சித்தி, அந்த ரெஞ்ச்ச எடுத்துக்கட்டா? நூறு கிலோமீட்டர் ஓடிருச்சு, ஒரு வாட்டி டைட் பாக்கணும். பத்து நிமிஷம்தான், ஜல்தி வெச்சுடறேன்."

"இன்னைக்குத் தொடக் கூடாதுடா. நாளைக்கு மறுபூஜை ஆனதும் எடுத்துக்கோ."

"நாளைக்கு நான் ஜெய்ப்பூர்ல இருப்பேன்."

"அப்ப வந்து பாத்துக்கோ. மெதுவா ஓட்டு."

"அச்சா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வாதாடவில்லை. வாதாடியிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன். எதிலும் நான் அப்படிக் கறாரானவள் இல்லை.

எவ்வளவு கறாரில்லாதவள் என்றும் சொல்லிவிட வேண்டும். அன்று என் பேனாவை நான் பூஜையில் வைக்கவில்லை. மை தீர்ந்த பழைய பேனா ஒன்றை, பார்வைக்கு இருக்கட்டும் என்று வைத்தேன். எழுதும் பேனா என் கைப்பையில் இருந்தது. மலருக்கு ஏற்கெனவே தாமதம். அவன் கிளம்பிய அரை மணியில் நானும் லக்ஷ்மிபாய் நகரில் என் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். முதல் பகுதியில் நீங்கள் படித்த பத்தி அன்றைக்கு எழுதியதுதான். எழுதக் கூடாத நாளில் நான் எழுதிக்கொண்டிருந்தேன். தொடக் கூடாது என்று நான் சொன்னதைக் கேட்டு, அவன் போய்க்கொண்டிருந்தான்.

நட்டு தளர்ந்திருந்ததா, ஸ்பேசரிலேயே குறை இருந்ததா என்று யாராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. வண்டியைப் பார்த்த மெக்கானிக் இருக்கலாம் என்றார், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அந்த "இல்லாமலும்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நாலு மாதம் தூங்கினேன். இப்போது அதுவும் வேலை செய்வதில்லை.

6

மாற்று முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ) ஜெகன் யாரையும் கேட்காமல் ரெஞ்சை எடுத்துப் போகிறான். நட்டு ஒவ்வொன்றும் 'டக்' என்கிறது. கையில் ஒட்டிய குங்குமத்தைப் பேண்ட்டில் துடைத்துக்கொள்கிறான். அக்கா கண்டுபிடித்து இரண்டு நாள் திட்டுகிறாள். (எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. பதினோரு பக்கம் எழுதினேன். அவன் கல்யாணம் வரைக்கும் போய்விட்டது.)

ஆ) டெல்லியைத் தாண்டுமுன் தௌலா குவானில் வண்டியை ஓரம் கட்டி, பங்க்சர் ஒட்டுபவரிடம் "பையா, நட் ஜரா டைட் கர் தோ", நட்டைக் கொஞ்சம் இறுக்கிவிடுங்கள் என்கிறான். அவர்களுக்கு இந்த நாள் அந்த நாள் என்று கிடையாது. இரண்டு நிமிஷ வேலை. இதை நம்பும்படி எழுத எனக்கு வரவில்லை. சித்தி சொன்ன பிறகு அவன் நிறுத்தியிருக்க மாட்டான்.

இ) பத்தாம் நாள் அந்தக் கேள்விக்கு, கையில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்த நான்,

7

இந்தக் கதைக்கு இன்னொரு பிரதியும் இருக்கிறது. அதில் ஐந்தாம் பகுதி கிடையாது, சித்தி என்ற பாத்திரமே கிடையாது. ரெஞ்சை லீலாவதி வைக்கிறாள். கச்சிதமான கதை, எந்தப் பத்திரிகையும் போடும்.

அவன் போன பிறகு அவனைப் பற்றி மறுபடி எழுதச் சொன்னதே அக்காதான். அவன் பேச்செல்லாம் வரும்படி எழுது, அவருக்குப் படித்துக் காட்டலாம் என்றாள். பையனைப் பற்றிய கதை என்றால் அவர் தன் பக்கத்தில் வந்து உட்காருவார் என்று ஒரு நப்பாசை. இன்று காலை போன் செய்து, முடித்துவிட்டாயா என்று கேட்டாள். முடிவு மட்டும் பாக்கி என்றேன். அது பரவாயில்லை என்று மாமாவையும் அழைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்துவிட்டாள்.

இருவரும் இப்போது என் வீட்டு ஹாலில் இருக்கிறார்கள். தண்ணீர் எடுக்க வந்தவள் சமையல் மேடையில் காகிதத்தை வைத்து இதை எழுதுகிறேன். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன்.

மாமா சோபாவில் உட்கார்ந்ததும் என்னிடம் கேட்டார். "கெளம்புறப்ப அவன் சாப்ட்டுட்டுத்தான் போனான்னு எழுதியிருக்கியா ஜெயா?"

நான் எழுதவில்லை. எனக்குத் தெரியாது. நான் பதில் சொல்வதற்குள் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சாப்பிடல. அவசரமா போயிட்டான். வெறும் வயித்தோட அனுப்பிட்டேன்."

மாமா அவள் பக்கம் திரும்பினார்.

"சாப்ட்டான் லீலா. நீ உள்ள இருந்த. நான்தான் கிண்ணத்துல சுண்டல் போட்டுக் குடுத்தேன். கார்ல சாஞ்சு நின்னுகிட்டு முழுசும் சாப்ட்டான். இன்னும் கொஞ்சம் கேட்டான்."

அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா எழுந்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசியது இது. நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று இங்கே வந்துவிட்டேன்.

என் கையில் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. சின்னதைப் படித்தால், இப்போதுதான் அவள் பக்கத்தில் வந்து நின்ற மனிதர் முன்னால், ரெஞ்சை மறுபடி அவள் கையில் கொடுக்கிறேன். பெரியதைப் படித்தால், மாத்திரை தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூட எனக்கு இனி போன் வராது. எதையும் படிக்காமல் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினால், இன்று ஒரு நல்ல நாளாக முடிந்துவிடும். நாளைக்கும் அவள்தான் வைத்தவளாக இருப்பாள்.

நீங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டீர்கள். ஐந்தாம் பகுதி அறிந்தவர்கள் இப்போதைக்கு உலகத்தில் நாம் இரண்டு பேர்தான். என் இடத்தில் நீங்கள் இருந்தால் எதை எடுத்துக்கொண்டு போவீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு நேரமில்லை. ஹாலில் அவர்கள் மெல்லிய குரலில் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். "ஜெயா, தண்ணி வேணாம், நீ வந்து படி" என்று கூப்பிடுகிறாள் அக்கா.